உப்பு லொறி கழுவியவர்

கணேசலிங்கத்துக்கு லண்டனில் கிடைத்த வேலை, பனிக்காலத்தில் தெருப் பனி உருக உப்புத் தூவும் லொறிகளைக் கழுவுவது. ரெய்னர்ஸ் லேனுக்குப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தக்காரனின் யார்ட். அங்கே குவித்திருந்த உப்பை மூட ஒரு தறப்பாள்கூடக் கிடையாது. மழை கரைத்ததும் இவர் கழுவியதும் ஒரே வடிகானில் இறங்கி, பின்னால் ஓடும் ஓடையில் கலந்தன. ஒருநாள் அதைச் சொல்லிப் பார்த்தார். "வெளியே வாயைத் திறந்தால் வேலை போய்விடும்" என்றான் முதலாளி. அகதி வழக்கு முடியாத மனிதர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டார்.

அதே ஓடைக்கரையில், சற்றுக் கீழே, அவர் மனைவி சிவனேஸ்வரி கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டு இருந்தது. வந்த புதிதில் யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்த பெண். தோட்டம் கிடைத்த பிறகுதான் சிரித்தார். தொண்ணூற்றோராம் ஆண்டுப் பனிக்கு முன்பே பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, உள்ளே சின்ன வெங்காயம் நட்டிருந்தார்.

தோட்டத்தில் பைப் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பைப் தண்ணீர் பிடிக்குமா? "மருந்து மணக்குது. பயிருக்கு ஆகாது" என்று அடம்பிடித்து, ஓடையில் அள்ளி ஊற்றினார்.

"பைப்பில ஊத்துமன்" என்றார் கணேசலிங்கம்.

"ஏன்?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா'வுக்காக மனிதரைப் பிடித்து உலுக்கலாம்போல் எனக்கு இன்றும் வருகிறது. உண்மை தெரிந்தால் மனைவி நேரே யார்ட்டுக்குப் போய்ச் சண்டை பிடிப்பார் என்று அவருக்குப் பயம்.

பெரும் பனி கொட்டியது. லொறிகள் ஓயவில்லை. பனி உருகி முடிய, வெங்காயத்தாள் நுனியிலிருந்து கருகி, பாத்தி முழுக்கச் சாய்ந்தது. சிவனேஸ்வரி வாளித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

"இஞ்சாருங்கோ, ஓடைக்குள்ள உப்பு எப்பிடி வந்தது?"

கணேசலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி மிரட்டியதையும் மறைக்கவில்லை. அவர் பயந்த சண்டை வரவில்லை. சிவனேஸ்வரி குந்தியிருந்து, பட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"நாளைக்கும் கழுவப் போவியளோ?"

"ஓம். போகாட்டி என்ன செய்யிறது?"

"என்னோட சண்டை பிடிச்சிருந்தாத் தாங்கியிருப்பன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார் கணேசலிங்கம். சிவனேஸ்வரி மண் ஒட்டிய கையோடு எழுந்து நின்று சொன்னாராம்:

"போங்கோ. உங்களோட கோவிக்கக்கூட எனக்கு ஏலாமக் கிடக்கு."