ஒன்பது மணி மேசை

பெனுவாத் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் பெரியம்மா வாயால், அதுவும் வசவாக. கோழிப்பண்ணை வைத்திருந்த அவள் மகன் ஆந்தெல்ம், லியோன் நகரத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"கோழி கழுத்தத் திருகத் தெரியலடி அவளுக்கு! சொன்ன பேச்சும் கேக்க மாட்டேங்குறா" என்று பெரியம்மா பொருமினாள். இரண்டாவது சொன்னது முழு உண்மை.

இருபத்தைந்தாவது கலியாண நாளுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாள் லியோனுக்கு வந்தார்கள். நான் அப்போது நெசவாளிகள் குடியிருக்கும் க்ருவா ரூஸ் மேட்டில் ஷாவ்ரே முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் அறையில்தான் தங்கினார்கள். பெனுவாத் பிறந்த ஊர்தான் இது. ஆனால் தறிக்கு நூல் சுற்றியே வளர்ந்தவள் ஊரை எங்கே பார்த்தாள்? முதல் நாள் மலைமேல் கோயிலுக்கு இழுவை ரயில் வேண்டாமென்று படியேறினாள். ஆந்தெல்ம் எட்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். இறங்கி வந்து கன்றுத் தலை தின்றார்கள். மறுநாள் வீடுகளுக்குள் புகுந்து போகும் சந்துகளில் எல்லாம் சுற்றிவிட்டு, பன்றி மூக்கும் ஆட்டுக்காலும்.

"என் வயிறு என்ன சாக்கா?" என்றான் ஆந்தெல்ம்.

"நீங்க பேசாம மெல்லுங்க."

அவள் வந்ததே மூன்றாம் நாளுக்காக. அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் விடியலிலிருந்து தறியடித்துவிட்டு ஒன்பது மணிக்கு எங்கள் கடைக்கு வருவார். குடல், போட்டி, சிவப்பு ஒயின். நெசவாளிகள் ஏற்படுத்திய காலைச் சாப்பாடு அது. பெண்கள் மதியம் வரலாம்; ஒன்பது மணி மேசையில் உட்கார முடியாது. அப்பாவைக் கூப்பிட வரும் சின்னப் பெனுவாத் வாசலிலேயே நிற்பாள். அந்த மேசையில் ஒருமுறை உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆந்தெல்ம் முதல் நாளே வந்து இரண்டு பேருக்கு இடம் சொல்லியிருந்தான். ஒன்பது மணிக்கு என்றால் இரண்டும் ஆண்கள்தான் என்று முதலாளி எழுதிக்கொண்டார். யாரென்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

பெனுவாத் உள்ளே வந்ததும் மேசையிலிருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

"அம்மா, மத்தியானம் வாங்க. நல்லா கவனிக்கிறேன்" என்றார் முதலாளி.

"எனக்கு இப்பதான் பசிக்குது."

ஆந்தெல்ம் காது சிவந்து போனான். "வா, போயிரலாம்."

"நீங்க வேணா போங்க."

ஒரு கிழவர் சிரித்தார். "முதலாளி, அந்தக் குடல் குடல வைங்க. வாசனைக்கே ஓடிரும்."

குடலை நறுக்கிக் குடலுக்குள்ளேயே திணித்துச் சுட்டது அது. ஊரிலேயே பாதிப் பேர் கிட்டே போக மாட்டார்கள். நாற்காலி தராமல் தட்டை மட்டும் நீட்டினார்கள். பெனுவாத் நின்றுகொண்டே வெட்டினாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. கடைசித் துண்டால் கடுகுக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டுத் தட்டைத் திருப்பிக் காட்டினாள்.

முதலாளி ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க."

"நின்னு தின்னது உங்களுக்காக. உக்காந்து திங்கறது எனக்கு. இன்னொரு தட்டு கொண்டாங்க" என்று உட்கார்ந்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "நாத்தனாரே, கையத் தொடச்சிட்டு வாங்க. இருபது வருசமா இவங்க எச்சித் தட்டக் கழுவுறீங்க, ஒரு நாள் உக்காந்து தின்னா என்ன?" என்றாள்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். போய் உட்கார்ந்தேன். ஆந்தெல்ம் எனக்கு ஒயின் ஊற்றினான். அவன் முகத்தில் சிரிப்பு.

பெரியம்மாவிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். "குடல் குடலையா? முழுசாவா?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். அதற்குப் பிறகு கோழிக் கழுத்துப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஆந்தெல்ம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பெனுவாத் பண்ணையை மகனுக்கு விட்டுவிட்டு, கடைக்கு எதிர் வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் இருப்பாள்.