கூண்டு மாட்டாத சக்கரம்

போன மாதம் தஞ்சாவூர் வந்திருந்தபோது பெரியவன் தன் கம்பெனியில் செய்கிற மின்சார வண்டியைப் பற்றிச் சொன்னான். பிரேக் போடும்போது வீணாகிற சக்தியை ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுச் சேர்த்து வைப்பார்களாம். வண்டி கிளம்பும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "வண்டிய ஆஃப் பண்ணுனா சக்கரம் நின்னுடுமா?"

"நிக்காதுப்பா. ரொம்ப நேரம் சுத்தும். அதான் கெட்டியான இரும்புக் கூட்டுக்குள்ள வச்சிருக்கோம். உடைஞ்சாலும் வெளிய தெறிக்காது."

பிள்ளைகளே, அன்று அவனிடம் சொல்லாததை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவைக் கட்டிய புதிதில் ஒரு மிராசுதாரிடம் ஆயில் இன்ஜின் ஓட்டினேன். வாய்க்கால் தண்ணீர் ஏறாத வயல்களுக்கு இன்ஜினை மாட்டுவண்டியில் கொண்டுபோய், பெல்ட்டால் பம்போடு இணைத்து இறைக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் சுழலும் கனத்த பிளைவீல் சக்கரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு உண்டு, நாலு போல்டு. வயலுக்கு வயல் கழற்றி மாட்ட எனக்குச் சோம்பல். "கூண்டு இல்லாட்டி இன்ஜின் ஓடாதா?" என்று மிராசுதாரும் கேட்டார். கொட்டகையிலேயே போட்டுவிட்டேன்.

கூலி நெல்லுக்காக விவசாயத் தொழிலாளர் சங்கம் கொடி பிடித்த காலம் அது. குத்தகைச் சட்டம், நில உச்சவரம்பு என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சு. ஒருநாள் காலை சங்கத்து ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள். என்னோடு மடை பார்த்துக்கொண்டிருந்தவர் உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன்.

"என்னப்பா, மிராசுதாரு சொத்துல ஒனக்கும் பங்கு எழுதிட்டாரா? நிறுத்து," என்றார் ஒருவர்.

டீசலை மூடினேன். சத்தம் அடங்கியது, சக்கரம் அடங்கவில்லை. தேய்ந்து பளபளத்த அதன் விளிம்பு, சுற்றும்போதும் பார்வைக்கு நிற்பது போலவே இருக்கும். நான் அவர்களைப் பார்த்தபடியே, "நின்னுடுச்சு மச்சான், பெல்ட்ட எடுங்க," என்றேன். மாமா குனிந்தார்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அதற்கு ஈடாக மிராசுதார் மாமாவுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டும் என்றது சங்கம். தாசில்தார் முன் பேச்சு நடந்தது. மாமா அப்போது ஆஸ்பத்திரியில்.

"சக்கரத்துக்குக் கூண்டு இருந்துச்சா?" என்று தாசில்தார் என்னைக் கேட்டார்.

மிராசுதார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சுங்க."

"அப்புறம் எப்படிக் கை போச்சு?"

"அவருதான் கழட்டியிருக்கணுங்க."

நிலம் வரவில்லை. என் வேலை நிலைத்தது. மாமா நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் கூவி ஆள் ஏற்றிப் பிழைத்தார். அம்மாவிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவள் அதை நம்பியே போய்ச் சேர்ந்தாள்.

பெரியவன் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கூண்டு எங்க கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா மாப்ள? தங்கச்சி பொழப்பு கெட்டுடுமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"நெலம் கேக்குற வயசெல்லாம் போச்சு. புள்ளைங்க சைக்கிள் கத்துக்கிட்டப்ப, 'மாமா மாதிரி அஜாக்கிரதையா இருக்காதீங்க'ன்னு சொன்னியே. நான் பக்கத்துலதான் நின்னேன். அதுங்ககிட்ட உள்ளதச் சொல்லு."

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கூண்டைக் கழற்றிப் போட்டவன் நான். ஓடுகிற சக்கரத்தில் கை வைக்கச் சொன்னவனும் நான். மாமா என்னை நம்பினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.