கறுப்பு ஒத்துக்கொள்ளவில்லை

என் சித்தி துறைமுகத்தின் கண்காணிப்புக் கோபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். விடியலில் கடலுக்குப் போகும் படகுகளின் எண்களைப் பதிவேட்டில் எழுதுவாள். மதியம் திரும்பி வருகிறவற்றை அதே பதிவேட்டில் டிக் போடுவாள். போன படகு வரவில்லையென்றால் மீட்புக்குழுவுக்கு முதல் போன் அவளிடமிருந்துதான் போகும். பெரிய கப்பல்களைக் கணினித் திரை பார்த்துக்கொள்கிறது. சிறு படகுகளுக்கு இன்னும் மனிதக் கண்தான்.

கோபுரத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் தன் பைனாகுலரில் எண்ணைப் படித்துத் தன் நோட்டில் எழுதுவார். மற்றவர் அதைப் பார்க்காமல் தானாகப் படித்து எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பதிவேட்டில் ஏறும். சித்தியின் ஜோடியை எல்லோரும் கழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவருக்கு யாரோ கேலியாக வைத்த பெயர். நாளடைவில் அவரே போனை எடுத்து, “கழுகு பேசறேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பது வருடம் இருவருக்கும் ஒரே ஷிப்ட். அவர் வீட்டுக்குச் சித்தி இரண்டே முறைதான் போயிருக்கிறாள். இரண்டாவது முறை போனது அவர் இறந்த அன்று.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். கூட வேலை பார்த்தவர் இறந்ததற்கு லீவு கேட்டால், உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அவள் அழுது நான் பார்க்கவில்லை. சாப்பாட்டில் உப்பு போட மறந்திருந்தால் கேட்காமல் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பாள். நான் போய் மூடினால், “ம்” என்பாள்.

ஏழாவது வாரம் மேலதிகாரி போன் செய்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பழைய பைனாகுலர் ரெண்டும் உள்ள பூஞ்சை புடிச்சுப் போச்சு. புதுசு வாங்க அனுமதி வந்திருக்கு. எந்த மாடல்னு நீங்கதான் சொல்லணும்.”

“நானா சார்?”

“பின்ன? கழுகா வந்து சொல்லப் போறார்?” என்றவர், தான் சொன்னது உறைத்ததும் இருமினார். பிறகு குரலை இறக்கினார். “பாருங்கம்மா, மேல ஒரு பேச்சு இருக்கு. கழுகு போனப்புறம் இந்தம்மாவைக் கோபுரத்துல வெச்சிருக்கலாமா, இல்ல ஆவண அறைக்கு மாத்திடலாமான்னு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவா ஒரு அறிக்கை குடுங்க. அதைக் காட்டித்தான் நான் உங்களுக்காகப் பேச முடியும்.”

போனை வைத்த பிறகு சித்தி ஒன்றுதான் சொன்னாள். “அங்க ஜன்னலே கிடையாது.”

கடையில் இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். இரண்டும் எட்டு மடங்கு பெரிதாக்கும். இரண்டுக்கும் முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றின் உறை பச்சை, இன்னொன்றுடையது கறுப்பு. சித்தி அவற்றை நிறம் சொல்லியே அழைத்தாள்.

“ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்கக்கா,” என்றார் கடைக்காரர். “வித்தியாசம் கண்டுபுடிச்சீங்கன்னா எனக்கும் சொல்லுங்க. பதினஞ்சு வருஷமா வித்துட்டு இருக்கேன், எனக்கே தெரியல.”

சித்தி கண்டுபிடிக்க முயன்றாள். வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். தூரத்துப் புகைபோக்கியின் விளிம்பில் ஊதா நிறம் கசிகிறதா, பார்வையின் ஓரத்துக்குத் தள்ளினால் எழுத்து வளைகிறதா, வெளிச்சம் மங்க மங்க எது முதலில் கைவிடுகிறது என்று நோட்டில் எழுதினாள். எதிர்மாடிக் கொடியில் காய்ந்த சட்டைகளின் பொத்தான்களை எண்ணினாள். சட்டைக்குச் சொந்தக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “என்னக்கா, எங்க வீட்டுல என்ன தெரியுது?” என்று கத்தினார்.

“நீலச் சட்டையில மூணாவது பொத்தான் இல்ல,” என்றாள் சித்தி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கழுகின் இடத்துக்கு இன்னும் யாரும் வராததால் கோபுரத்தில் தனியாக இருந்தவள், அங்கே வேறு மாதிரி செய்தாள். பச்சையில் எண்ணைப் படித்து ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு மேசையின் மறுபக்கம் போய், கறுப்பில் படித்து இன்னொரு நோட்டில் எழுதினாள். இதை நான்காம் நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

“பச்சை முப்பத்தெட்டுங்குது. கறுப்பு முப்பத்துமூணுங்குது. ஒத்துக்க மாட்டேங்குது.”

“அப்ப பதிவேட்டுல எதை எழுதினே?”

“ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். படகு துறைமுக வாயைத் தாண்டிப் போயிடுச்சு.”

“அப்புறம்?”

“திரும்பி வந்தப்ப பக்கத்துல பாத்தேன். முப்பத்தெட்டு.”

கறுப்பில் பார்த்தால் நெற்றிப்பொட்டில் வலி வருகிறது, வலது பக்கம் பால் கலந்த மாதிரி இருக்கிறது என்றாள். திங்கட்கிழமை மேலதிகாரியிடமே போனில் சொல்லிவிட்டாள், கறுப்பு சரியில்லை, பச்சையே வாங்கலாம் என்று. அவருக்கு மகிழ்ச்சி. “அப்படியே எழுத்துல குடுத்துடுங்கம்மா, முடிஞ்சுது.”

கடைக்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. “இந்த வருஷம் மட்டும் கறுப்பை ஆறு பேருக்கு வித்திருக்கேன்கா, ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. கையேட்டுல இருக்கற மாதிரி ஒருவாட்டி முதல்லேர்ந்து செட் பண்ணிப் பாருங்களேன்,” என்றார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. புதன்கிழமை மாலை நான் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொன்னேன். சித்தி கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து கேட்டாள், தெரிந்த பாடத்தை மறுபடி கேட்பவளைப் போல.

வலது கண்பகுதியில் ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றாக இல்லாதவர்கள் அதைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். மேலே இழுத்தால்தான் திரும்பும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கண் சமமாக இருப்பவர்கள் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். சித்திக்கு இரண்டு கண்ணும் சமம். வருடாவருடம் துறைமுக மருத்துவர் அதைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறார்.

பச்சையை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது. கறுப்பை எடுத்தேன்.

“சித்தி, இது ரெண்டு கோடு தள்ளி நிக்குது. கூட்டல் பக்கம்.”

வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் கோடுகளைத் தடவினாள்.

“அது அவரோடது,” என்றாள்.

கழுகுக்கு வலது கண் மோசம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பைனாகுலரில் பார்ப்பார். முந்தைய ஷிப்ட்காரர்கள் வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சித்திதான் முதலில் வருவாள். இரண்டையும் துடைப்பாள். ஒன்றைப் பூஜ்யத்தில் பூட்டுவாள், இன்னொன்றை இரண்டு கோடு தள்ளிப் பூட்டி மேசையின் அந்தப் பக்கம் வைப்பாள். பத்தொன்பது வருடம். கடையிலிருந்து வந்த இரண்டையும் உறையிலிருந்து எடுத்தபோதும் கை அதையே செய்திருக்கிறது.

“இத்தனை நாள் பாத்தியே, சந்தேகம் வரலையா?”

“செட் பண்ணிட்டோமேன்னுதான் நினைச்சேன்.” கோடுகளை இன்னொரு முறை தடவிவிட்டு, “செட் பண்ணித்தான் இருக்கேன்,” என்றாள்.

வளையத்தை மேலே இழுத்துப் பூஜ்யத்துக்குத் திருப்பி அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. மாடிக்குப் போனோம். பச்சையில் பார்த்தாள், கறுப்பில் பார்த்தாள், மறுபடி பச்சையில். நெற்றியைத் தேய்த்துக்கொள்ளவில்லை. “ரெண்டும் ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வியாழக்கிழமை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

“கறுப்பு உறை மாடலில் குறை இல்லை. அதன் வளையத்தை, காலமான என் பணித்துணைவரின் கண்ணுக்கு ஏற்றபடி நானே பழக்கத்தில் திருப்பி வைத்துவிட்டேன். பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கறுப்பு முப்பது கிராம் எடை குறைவு. மணிக்கணக்கில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.”

“வேற ஏதாவது?” என்றேன்.

“வேற என்ன இருக்கு?”

வெள்ளி மதியம் இரண்டே முக்காலுக்கு மேலதிகாரி அழைத்தார்.

“அம்மா, எடை விஷயம் பிரமாதம். யாருமே அதை யோசிக்க மாட்டாங்க. ஆனா நடுவுல அது என்னம்மா?”

“நடந்தது சார்.”

“நடந்திருக்கலாம். மேல படிக்கறவங்க என்ன சொல்லுவாங்க? செத்துப் போனவர் கண்ணால பாக்கற அம்மாவையா கோபுரத்துல உக்கார வெச்சிருக்கேன்னு என் காதைத் திருகுவாங்க. அந்த ஒரு வரியை எடுத்துட்டு அனுப்புங்க. மூணு மணிக்கு பைல் போகுது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“சரி சார்.”

சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அவள் இவ்வளவு அருகில் வைத்து எதையும் படிப்பது வழக்கமில்லை. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அந்த வரி இல்லேன்னா அர்த்தம் மாறுமா?”

“மாறாது சித்தி. மிச்சம் அப்படியே புரியும்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் இருந்தது. பெரிய முள் ஏழு நிமிடம் நகரும் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துடு,” என்றாள்.

எடுத்தேன். கீழே இருந்த வரி மேலேறி ஒட்டிக்கொண்டது. அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது. கறுப்பில் இரண்டு வாங்கப்படும், சித்தி கோபுரத்திலேயே தொடர்வார், ஒன்றாம் தேதியிலிருந்து தெற்கு வாசல் ஊழியர் ஒருவர் அவருக்கு ஜோடியாக வருவார். படித்துச் சொன்னேன்.

“கண்ணாடி போடறவரா?” என்று கேட்டாள்.

பதிலில் அப்படி எதுவும் எழுதவில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இரண்டையும் மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.