எந்தக் குலம் நீங்க?

மாதேஸ்வரன் மலையடிவாரத்துப் பாலாற்றுக்கு ஒரு கரை கர்நாடகம், மறுகரை தமிழ்நாடு. இரு கரைக் காடுகளிலும் இருப்பது எங்கள் ஜனம்தான். தமிழ்நாட்டுக் காகிதத்தில் சோளகர். கர்நாடகக் காகிதத்தில் சோலிகர். முன்பின் அறியாத இருவர் காட்டில் சந்தித்தால் முதலில் குலத்தைக் கேட்பார்கள். ஒரே குலமென்றால் உடன்பிறப்பு. வேறென்றால் மாமன் மச்சான். எந்த மாநிலம் என்று எவரும் கேட்டதில்லை.

நான் தமிழ்க் கரையில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, மைசூரில் எழுத்தரானேன். கல்லூரிச் சேர்க்கைக்கு வரும் சாதிச் சான்றுகளைச் சரிபார்க்கும் வேலை. ஊரைக் கேட்டவர்களிடம் 'சத்தியமங்கலம் பக்கம்' என்பேன். அதற்கு மேல் சொல்ல வெட்கம்.

அக்காவை மாதேஸ்வரன் மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததால், அவள் மகளின் பிறப்புப் பதிவில் சோளகர் என்று விழுந்துவிட்டது. அப்பன் காகிதத்தில் சோலிகர். அந்தப் பெண் நர்சிங்குக்கு விண்ணப்பித்தபோது கோப்பு என் மேசைக்கே வந்தது.

அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தாள்.

"தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு வரி எழுதிப் போடு. உனக்குத் தெரியாததா?"

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தார். "ஏனு சார், நிம்ம ஊரவரா?" உங்கள் ஊர்க்காரர்களா என்று.

நான் அக்காவைப் பார்த்து, "யாரு பேக்காகித்தம்மா?" என்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று, என் அக்காவிடம், கன்னடத்தில்.

மேசைமேல் வைத்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் பேச்சில் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் குலம் நீங்க?"

நான் அடுத்த கோப்பைப் பிரித்தேன். அவர்கள் போன பிறகு, 'இரு பெயரும் ஒரே இனம் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பெண் காப்பித் தோட்ட வேலைக்குப் போனாள்.

ஓய்வு பெற்றபின் அக்காவைத் தேடிப் போனேன். ராகிக் களி போட்டாள். சாகும்வரை என்னை வாங்க, போங்க என்றுதான் பேசினாள்.

இப்போதெல்லாம் மலைக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கள் பேச்சு காதில் விழும். பேண்ட் சட்டையில் இருக்கும் என்னை எவரும் எதுவும் கேட்பதில்லை. போன வாரம் பொறுக்கமாட்டாமல் பக்கத்திலிருந்த கிழவரிடம் எங்கள் பேச்சில் நானே கேட்டேன்.

"எந்தக் குலம் நீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க சார், ஃபாரத்துல எழுதவா?"

"இல்லை" என்றேன். என் குலத்தைச் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருந்தார்.