துவக்குச் சங்கத்தில் ஒரு வாழ்த்துரை

பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் ஒரு பழைய கிடங்கின் நடுவே, சட்டைப்பையில் வாழ்த்துரையோடு நிற்கிறேன். மனைவியின் தோழியுடைய கணவர் செல்வம், "எங்கட துவக்குச் சங்கத்துக்கு ஒருக்கா வாங்கோ அண்ணை" என்று போனில் கூப்பிட்டிருந்தார். மதுரைக்காரன் காதில் அது சங்கத்தின் துவக்க விழாவாக விழுந்துவிட்டது. இங்கே மேசையில் கிடப்பதோ துப்பாக்கியின் மரக்கட்டை. யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் துப்பாக்கியாம்.

"பொழுதுபோக்குக்குத் துவக்குச் செய்யிற ஆக்களுக்கு நாங்கள் ஆயுதம் இரவல் குடுக்கிறனாங்கள்" என்கிறார் செல்வம்.

என் விசா எனக்கு டாட்டா காட்டுகிறது. கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்புகின்றன.

"ஏன் அண்ணை வேர்க்குது? ஆயுதமெண்டா அரம், உளி. எல்லாரிட்டயும் லைசென்ஸும் இருக்கு."

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பெரிய கிளாம்ப் சங்கத்தில் ஒன்றே ஒன்றுதான். வேட்டைக்காலத்துக்கு முன் அது தனக்குத்தான் வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இதால சங்கமே உடையப்போகுது. நீங்கள் வெளியாள், ஒரு முடிவு சொல்லுங்கோ" என்கிறார் செல்வம்.

கிளம்பினால் போதும் எனக்கு. "சமாதானம் ஆகிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் வேண்டாம். மூணாவது ஆள் வச்சிருக்கட்டும்" என்று உளறிவைக்கிறேன்.

இருவரும் முதன்முறையாக ஒத்துப்போகிறார்கள். "ஓம், அண்ணையே வைச்சிருக்கட்டும்."

பஸ்ஸில் ஏறுகிறேன். தோள்பையிலிருந்து கிளாம்பின் இரும்புத்தண்டு துப்பாக்கிக் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்கிறார். நான் இரண்டு கைகளையும் தூக்கிவிடுகிறேன்.