மெந்தோவுக்கு முன்னால் போன பை

தாமெல் தெருக்களில் மெந்தோ தாமாங் நடந்து வந்தால் ரிக்‌ஷாக்காரர்களே ஓரம் ஒதுங்குவார்கள் என்று சொன்னால் அது பொய். காட்மாண்டு ரிக்‌ஷாக்காரர்கள் எமனே எதிரில் வந்தாலும் மணியடித்துக்கொண்டு நேராகத்தான் போவார்கள். ஆனால் மலையேற வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள். அவள் கையில் அகப்பட்டால் பையில் பாதி காலி என்ற செய்தி விடுதிக்கு விடுதி பரவியிருந்தது.

மலைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, தான் கைடாகக் கூட்டிப்போகும் ஆட்கள் எல்லோரையும் விடுதி மொட்டைமாடிக்கு வரச்சொல்வாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். நெதர்லாந்திலிருந்து வந்த ஐந்து பேர் சாமான்களைப் பரப்பிவிட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப்போல் நின்றார்கள்.

"இது என்னது?" என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"முடி காய வைக்கிற மெஷின்" என்றாள் ஹன்னெக்கா என்ற நரைத்த தலைக்காரி.

"மலையில காத்து சும்மாவே அடிக்கும். இது இங்க இருக்கட்டும். இந்த மூணு ஜீன்ஸும் யாரோடது? நனைஞ்சா ஒரு வாரம் காயாது. இதுவும் இங்க."

"ராத்திரி சாப்பாட்டுக்கு நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம்னு…" என்று இழுத்தான் ஒருவன்.

"அங்க நம்மளை யாரு பாக்கப் போறா? யாக்குதான் பாக்கும். அது ஒண்ணும் சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். சாமானும் குறைந்தது. கீழே தெருவில் ஹாரன் சத்தம், பாத்திரக் கடை வாசலில் ரீங்காரமிடும் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டும் சத்தம், மோமோ கொழுக்கட்டை வேகும் ஆவி. இவற்றுக்கு நடுவே மெந்தோ ஒவ்வொரு பையையும் தன் தோளில் மாட்டி, குலுக்கிப் பார்த்து இறக்கினாள். பையின் கனம் அவளுக்குக் கேட்டுத் தெரிந்ததல்ல. பத்தொன்பது வயதில் ரசுவா மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து, நெற்றியில் சுமைப்பட்டை மாட்டி, இந்த மாதிரிப் பைகளை இரண்டு மூன்றாகக் கட்டி முதுகில் சுமந்தவள் அவள்.

முதல் சுமையை அவள் மறக்கவில்லை. நல்ல மழை. ஏற்றம் முடிந்து ஒரு தேநீர்க்கடை வாசலில் சுமையை இறக்கியபோது கால் இரண்டும் தனியாக நடுங்கின. பைக்குச் சொந்தக்காரர்கள் உள்ளே அடுப்போரம் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கிளம்பினார்கள். வாசலில் நனைந்துகொண்டிருப்பவளுக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கெட்டவர்கள் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். மெந்தோ அன்று அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்த வரிசையின் முன்னால் நடக்கிற ஆளாக ஒரு நாள் ஆகியே தீருவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாள். ஆங்கிலம் கற்றாள், பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள், துணைக் கைடாகப் பல வருடம் வரிசையின் கடைசியில் நடந்தாள். இப்போது கம்பெனியின் பழைய தலைமைக் கைடு கனடாவுக்குப் போய்விட்டதால், முதலாளி புஷ்கர் வேறு வழியில்லாமல் இந்த லாங்டாங் மலைப் பயணத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே, "ஏதாவது சொதப்பினா ஜிதனை அனுப்பிடுவேன், பாத்துக்க" என்றார். ஜிதன் கம்பெனியில் இன்னொரு கைடு. கெட்டிக்காரன்தான். மெந்தோவைவிடக் கெட்டிக்காரன் இல்லை. இது மெந்தோவின் கருத்து, என் கருத்தும் அதுவே.

எல்லாம் சரி, கிளம்பும் நாள்தான் இடித்தது. செவ்வாய்க்கிழமை. லாங்டாங் இருப்பது வடக்கே. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம் என்பது காட்மாண்டுவிலும் சூலம்தான்.

மெந்தோவின் மாமியார் இச்சாமாயா இதைச் சும்மா விடுகிற பெண்ணா? பௌத்தா ஸ்தூபிக்கு நடந்து போய் லாமாவிடம் கேட்டாள். திரும்பும் வழியில் ஒரு பண்டிதரிடமும் கேட்டாள். இரண்டு தரப்பும் ஒன்றையே சொன்னது அவளுக்கே ஆச்சரியம். திங்கட்கிழமை உச்சிப்பொழுதுக்கு முன் நல்ல நேரம். அந்த நேரத்தில் பையை மட்டும் வெளியே எடுத்து அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் போதும், ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நம் பக்கத்தில் பரஸ்தானம் என்று சொல்வோமே, அதேதான்.

மெந்தோவுக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். "ஒரு ஜோடி துணியை வேணும்னா வைங்க அத்தை" என்றாள்.

"துணியா நடக்கப் போகுது? கால்தானே நடக்குது? பூட்ஸை உள்ள போடு. எல்லாத்தையும் போடு."

ஆகவே பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட், மாற்றுத் துணி, இச்சாமாயா போட்ட முள்ளங்கி ஊறுகாய் ஜாடி எல்லாம் பச்சை நிற முதுகுப்பைக்குள் போயின. உரிமம் மட்டும் எப்போதும்போல் மெந்தோவின் கழுத்தில் தொங்கியது. அவள் மொட்டைமாடியில் ஜீன்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மாமியார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வாசலில் இருந்த நுச்சே மகர்ஜனின் கடையில் வைத்தாள். நுச்சே விருந்துக்குப் போயிருந்தார். விருந்துக்குப் பேர்போன நேவார் இனத்தில் பிறந்தவருக்கு வாரத்தில் ஒரு விருந்தாவது வராமல் போகாது. அவர் மனைவி பையை வாங்கி உள்ளே சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நுச்சேயின் கடை மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடும் கடை. இனி நடந்ததை நான் சொல்லவே வேண்டாம்.

மெந்தோ வீடு திரும்பித் துடைப்பத்தை எடுத்தாள். மாமியார் வெடுக்கென்று பிடுங்கினாள். "நீ போயாச்சு. ஊருக்குப் போனவ வந்து வீடு கூட்டுவாளா? பேசாம உக்காரு. சோறு போடறேன், விருந்தாளி மாதிரி சாப்பிடு."

சாப்பாடு ஆனதும் பையில் ஒரு மருந்துப் பொட்டலம் வைக்க மறந்தது ஞாபகம் வர, மெந்தோ நுச்சே கடைக்குப் போனாள். நுச்சே விருந்தில் ஊற்றிய சாராயத்தின் மலர்ச்சி மாறாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவர் தாஜு, அதாவது அண்ணன்; அவருக்கு அவள் பஹினி, தங்கை.

"தாஜு, என் பை எங்கே?"

"எந்தப் பை, பஹினி?"

"பச்சைப் பை. அத்தை கொண்டுவந்து வெச்சாங்களே."

நுச்சேயின் முகத்திலிருந்து விருந்து இறங்கியது. "பச்சைப் பையா? அதை வாடகைக்கு விட்டுட்டேனே! எம் பொண்டாட்டி செட்டு கட்டி வெச்சிருக்கான்னு நெனச்சேன். போலந்துக்காரன், நெட்டைப் பய, ஜீப்புக்கு நேரமாச்சுன்னு பறந்தான். எல்லாம் ரெடியா இருக்குப்பான்னு தூக்கிக் குடுத்தேன். பிரிச்சுக்கூடப் பாக்கல."

"ஜாக்கெட் அவனுக்கு எப்படிப் பத்தும்?"

"ஃப்ரீ சைஸுன்னு சொன்னேன்."

மெந்தோ ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். மாடுகளையும் மோட்டார் சைக்கிள்களையும் சுற்றி, செருப்பு அறுந்து போகிற ஓட்டம். அங்கே டிக்கெட் கொடுக்கிறவர் கையை வடக்கே நீட்டினார். லாங்டாங் மலைப்பாதை தொடங்கும் சியாப்ருபேசிக்குப் போகும் ஜீப் மதியமே கிளம்பிவிட்டது. ஆமாம், ஒரு நெட்டைக்காரன் இருந்தான். ஆமாம், பச்சைப் பை, கூரைமேல் கட்டினோம்.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து தலையில் கை வைத்திருப்பாள். மெந்தோ ஒரு தேநீர் வாங்கிக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் யோசனை வந்துவிட்டது. பை எங்கே போகிறது? அவள் போகிற இடத்துக்கே போகிறது. மலைப்பாதையில் முதல் நாள் நடையின் பாதி வழியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் டிக்கி அவளுடைய சிநேகிதி. போன் போட்டாள்.

"நாளைக்கு நெட்டையா ஒருத்தன் வருவான். முதுகுல என் பச்சைப் பை இருக்கும். நான் வர்ற வரைக்கும் விட்டுடாதே."

"எப்படிப் பிடிச்சு வைக்கிறது? கட்டிப் போடவா?"

"உருளைக்கிழங்கு வேக வெச்சுப் போடு. போலந்துக்காரன், நகர மாட்டான்."

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் நுச்சே நல்ல மனிதர், அதுதான் வினை. மன்னிப்புக் கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் மெந்தோ பயணம்பற்றிய கடைசிப் பேச்சுக்காகக் கம்பெனிக்குப் போனபோது பின்னாலேயே வந்து, புஷ்கரும் ஜிதனும் இருக்க, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என்மேலதான் சார், இவ பையை நான்தான் வாடகைக்கு விட்டுட்டேன், பூட்ஸோட!" என்று ஆதி முதல் அந்தம் வரை ஒப்பித்துவிட்டார்.

புஷ்கர் நாற்காலியில் நிமிர்ந்தார். இப்படி ஒன்றுக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சொந்தப் பையையே தொலைச்சவ அஞ்சு பேரை எப்படிப் பத்திரமாக் கூட்டிட்டுப் போவா? ஜிதன், நாளைக்கு நீ கிளம்பு. மெந்தோ அடுத்த சீசன்ல பாக்கட்டும்."

அடுத்த சீசன் என்றால் என்ன அர்த்தம் என்று மெந்தோவுக்குத் தெரியும். அடுத்த சீசன் வராது. அந்த மழையும் வாசலும் ஒரு கணம் கண்முன் வந்து போயின. காலை அழுந்த ஊன்றினாள்.

"தொலைக்கலை சார். பை முன்னால போயிருக்கு" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"லாமா சொன்ன நேரம், பண்டிதர் சொன்ன நேரம். என் பூட்ஸ் இன்னிக்கே வடக்கே கிளம்பிடுச்சு. அடுத்த வீட்டோட நிக்கல, நேரா மலைக்கே போயிடுச்சு. இவ்வளவு நல்லா யாருக்கும் அமையாது. நான் இங்க நிக்கிறது சும்மா பேருக்குத்தான் சார். கிளம்பினவளைத் திரும்பக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. உங்க வாயாலயே கூப்பிடுங்க."

புஷ்கர் வாசல் பக்கம் பார்த்தார். வாஸ்து சரியில்லை என்று ஆபீஸ் வாசலையே தெற்கிலிருந்து கிழக்குக்கு இடித்து மாற்றிய மனிதர் அவர். புறப்பட்டவளைத் திரும்பக் கூப்பிட்ட பாவத்தைத் தன் வாயால் செய்வாரா? ஜிதன் பக்கம் திரும்பினார். ஜிதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்… நாளைக்குச் செவ்வாய்."

"அதுக்கென்ன?"

"வடக்கு சார். நான் ஒண்ணும் வெளியே எடுத்து வைக்கலையே. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வாசப்படி தாண்ட விடமாட்டா."

"இப்ப கொண்டுபோய் வை, போ!"

"நல்ல நேரம் மத்தியானத்தோட போயிடுச்சு சார்."

நுச்சே இன்னும் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். புஷ்கர் பெருமூச்சு விட்டார்.

"பூட்ஸுக்கு என்ன பண்ணுவே?"

"தாஜு கடை எதுக்கு இருக்கு?"

"எது வேணுமோ எடுத்துக்க, பஹினி! வாடகை பேசினா என் தலையை எடு!" என்றார் நுச்சே.

"தலை எனக்கு சைஸ் சரியா வராது தாஜு. பூட்ஸ் போதும். போலந்துக்காரனுக்கும் ஒரு முழு செட்டு கட்டி வைங்க."

வெளியே தெருவுக்கு வந்ததும் மெந்தோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பாதி நம்பிக்கையை வைத்துக்கொண்டு இவ்வளவு பேச முடியும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை மாமியார் நல்ல சகுனத்துக்குத் தயிரும் அவித்த முட்டையும் கொடுத்து அனுப்பினாள். போனவளுக்கு எதற்கு மறுபடி என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தாள். ஐந்து பேரோடு மெந்தோ பஸ் ஏறினாள். நாள் முழுக்கக் குலுங்கி சியாப்ருபேசியில் இறங்கி, மறுநாள் விடிந்ததும் நடை தொடங்கியது. வரிசையின் முன்னால் மெந்தோ. நுச்சேயின் பூட்ஸ் குதிகாலைக் கடித்தது. அவள் முகத்தில் அது தெரியவில்லை.

உச்சிவெயிலில் டிக்கியின் கடை வந்தது. வாசல் பலகையில் நெட்டையாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். மெந்தோவின் சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டிருந்தான். கை முழங்கையோடு நின்றுவிட்டது. பக்கத்தில் பச்சைப் பை. அவனைப் பார்த்ததுமே ஹன்னெக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவன் எழுந்து தலை குனிந்தான். "உங்க பையாமே. மன்னிச்சிடுங்க. ராத்திரி குளிர் தாங்கல, ஜாக்கெட்டைப் போட்டுட்டேன். ஒண்ணு கேக்கலாமா? உள்ள என்ன, கல்லா? தோள் ரெண்டும் போச்சு."

"ஊறுகாய். எங்க அத்தை போட்டது."

அவன் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சட்டை முதுகில் வியர்வை காய்ந்து பை வார்களின் தடம் உப்பாகப் படிந்திருந்தது. அந்தத் தடத்தை மெந்தோவுக்குத் தெரியும். அவளுடைய சட்டைகளிலும் வருடக்கணக்காக அது இருந்தது.

"உள்ள வா" என்றாள். "அடுப்புக்கிட்ட உக்காரு. உனக்கு வேற செட்டு கொண்டு வந்திருக்கேன். டிக்கி, முதல் டீ இவனுக்கு."

பிறகு கடைக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று மாமியாருக்குப் போன் போட்டாள்.

"பை கிடைச்சிடுச்சு அத்தை. எல்லாம் அப்படியே இருக்கு."

"நான்தான் சொன்னேனே, நல்ல நேரம்னு! ஆமா, அவ்வளவு மேல யாரு சுமந்தா?"

"ஒரு வெள்ளைக்காரன், அத்தை."

"உன் பையையா?"

"என் பையைத்தான்."

"ஏதாவது குடுத்தியா அவனுக்கு?"

"டீ வாங்கிக் குடுத்தேன்."

"ஏடி, அவ்வளவு தூரம் சுமந்தவனுக்கு வெறும் டீயா?" மாமியாரின் குரல் பாறையைத் தாண்டிக் கேட்டது. "சோறு போடச் சொல்லு. உக்கார வெச்சு, வயிறு நிறையப் போடச் சொல்லு!"

"சரி அத்தை" என்றாள் மெந்தோ. அந்த மழை நாளில் வராத அழுகை இப்போது வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கி, டிக்கியிடம் சோறு சொல்லப் போனாள்.