அத்தைக்குப் பேன் பார்த்த ஞாயிறு

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பேன் இல்லாதது என்றால் எங்கள் வீடுதான். அம்மா அப்படி வைத்திருந்தாள். வாரந்தோறும் வேப்பெண்ணெய் தேய்ப்பாள், ஈர் உருவுவாள், சீயக்காய் போட்டு முழுக வைப்பாள். வெயில் கண்ட நாளெல்லாம் கம்பளிகளைத் தேயிலைச் செடிமேல் விரித்துவிடுவாள். கங்காணி ஏசினால் ஏசிக்கொண்டு போகட்டும்.

அந்தப் பெருமையைக் கெடுத்தவள் நான். எனக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். மேல் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடித் தலை நிறையப் பேன் கொண்டுவந்தேன். அதுவும் அத்தையைப் பெண் பார்க்க வருகிற வாரத்தில்.

அத்தை அப்பாவின் தங்கை. முழங்கால் தொடுகிற முடி. மாப்பிள்ளை பண்டாரவளைப் பக்கம். பெண்சாதி செத்து, பிள்ளை இரண்டு. அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்குச் சம்மதம். அத்தையை யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் மாமியாராக வருகிறவள் பெண்ணை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்ப்பாள். முடி சவுரியா, கழுத்தில் தேமல் உண்டா என்று தடவிப் பார்க்க அது ஒரு சாக்கு. பேன் அகப்பட்டால் சோம்பேறிப் பெண் என்று எழுந்து போய்விடுவார்கள்.

"ஒரு ஈரு கெடச்சாலும் நம்ம மானம் போச்சு" என்று அம்மா என்னைத் தனியே சாக்கில் படுக்கப் போட்டாள். அப்புத்தளைக் குளிரில் மூன்று நாள். நாலாம் நாள் சனிக்கிழமை. படுக்கிற நேரத்தில், அம்மா அடுப்படியில் இருந்தபோது, அத்தை தன் கம்பளியைத் தூக்கிக் காட்டினாள்.

"வாடி, வெறைக்குதுல்ல. தலைய இங்க வை. நல்லா ஒட்டி வை."

என்மேல் அவ்வளவு பிரியம் என்று மகிழ்ந்துபோனேன்.

மறுநாள் வந்த மாப்பிள்ளையின் அம்மா, லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அத்தையின் கொண்டையை அவிழ்த்தாள். காதுக்குப் பின்னால் விரல் நின்றது. எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கினாள்.

"யாருகூடம்மா படுத்துக்கிற நீ?"

அத்தை தலை நிமிராமல் என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லாம் என்னால் கெட்டது என்று ஓவென்று அழுதேன். அந்தக் கிழவி சிரித்துவிட்டாள்.

"அட, என்னத்துக்குடி அழுவுற? பேன் புடிச்ச புள்ளையத் தள்ளாம அணைச்சுக்கிட்டுப் படுத்திருக்காளே! எங்க வீட்டுல தாயில்லாம ரெண்டு கெடக்குது. இவதான் வேணும். தட்டு மாத்திக்குவோம் தாயி."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் பேன்தான் அத்தைக்குக் கல்யாணம் முடித்துவைத்தது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அத்தை மட்டும் அவிழ்ந்த முடியை அள்ளி முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்விடுவார்கள் என்று நம்பித்தான் அவள் அந்தப் பேனை ஏற்றிக்கொண்டாள் என்பது, என்னை யாரும் கேட்காமல் எனக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷத்தில்தான் எனக்கு உறைத்தது.